மதியம் ஆனா இன்வெர்ட்டர் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்'னு நின்னுடுது, என் சோலாரால தெருவுக்கே பிரச்சனையா? தெரிஞ்சவங்க உதவுங்க

மாடிவெயில்:
எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா இதே யோசனையா இருக்கு, தெரிஞ்சவங்க கொஞ்சம் பாத்து சொல்லுங்க. மாடில 5 கிலோவாட் சோலார் போட்டு ரெண்டு மாசம் ஆகுது. சிங்கிள் ஃபேஸ், பேட்டரி கிடையாது, வீட்டுக்கு போக மிச்சம் லைனுக்கு போயிடும். முதல் மாசம் ஒரு குறையும் இல்ல. வெயில் நல்லா ஏற ஆரம்பிச்சதுல இருந்து 11 மணிக்கு மேல இன்வெர்ட்டர் (பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்தற பெட்டி) சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது, ஸ்கிரீன்ல 'கிரிட் ஓவர் வோல்டேஜ்'னு வருது, அதாவது லைன்ல வோல்டேஜ் லிமிட்ட தாண்டிடுச்சுன்னு. ஒரு நிமிஷம் எண்ணிட்டு திரும்ப ஸ்டார்ட் ஆகும், மெதுவா ஏறும், பத்து பன்னெண்டு நிமிஷத்துல மறுபடி நிக்கும். நேத்து மட்டும் 14 தடவை நின்னுச்சு, உக்காந்து எண்ணினேன். மூணு மணிக்கு மேல தானா சரியாயிடுது, அதாவது வெயில் நல்லா இருக்கற நேரம் பூரா வீணா போகுது.

போட்டவங்கள கூப்பிட்டேன். எந்த வோல்டேஜுல இன்வெர்ட்டர் நிக்கணும்ங்கற லிமிட்ட போன்லயே 265 வோல்ட்டுக்கு ஏத்தி விட்டுடறோம், அப்புறம் நிக்கவே நிக்காதுங்கறாங்க. இப்ப லிமிட் 253ல இருக்கு. ஏத்தலாமா?

இன்னொன்னு மனச உறுத்திக்கிட்டே இருக்கு. பக்கத்து வீட்டு பாட்டி, நீ பேனல் போட்டதுல இருந்து எங்க ஸ்டெபிலைசர் மத்தியானம் ஆனா டக்கு டக்குனு அடிச்சுக்குதுடின்னு சொன்னாங்க. தெருவுல எங்களோட சேத்து ஆறு வீட்டு மாடில சோலார் இருக்கு. நல்லது செய்யறோம்னு நினைச்சு போட்டது, அடுத்தவங்க சாமான கெடுக்குதுன்னா எனக்கு தூக்கம் வராது. ராத்திரில மோட்டார் போட்டா லைட்டு லேசா மங்கும், அது ரொம்ப நாளாவே இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நினைக்கறேன்.

நியூட்ரல்_நண்பன்:
அக்கா, முதல்ல நம்பர் வேணும், நம்பர் இல்லாம எதுவும் சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் நல்லா ஓடும்போது ஸ்கிரீன்ல எவ்வளவு வோல்டேஜ், அதே நேரம் கீழ மெயின் போர்டுல எவ்வளவு, டிரிப் ஆனதும் ரெண்டும் எவ்வளவு. ஒரு எலக்ட்ரீஷியன கூட வச்சுக்கிட்டு மீட்டர்ல அளந்து போடுங்க. மாடில இருந்து போர்டுக்கு வர்ற ஏசி கேபிள் எத்தன மீட்டர், எத்தன ஸ்கொயர் எம்எம் (ஒயரோட தடிமன்)னும் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் 265 கிட்ட போகாதீங்க.

பழைய_லைன்:
முப்பத்திரெண்டு வருஷம் சப்ஸ்டேஷன்லயும் லைன்லயும் வேல பாத்தவன் நான். தம்பி கேட்ட அளவெல்லாம் எடுங்கம்மா, அதுக்கு முன்னாடி ஒன்னு புரிஞ்சுக்கங்க. தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும், கரண்டும் அப்படித்தான். உங்க இன்வெர்ட்டர் வெளிய தள்ளணும்னா தெரு லைன்ல இருக்கற வோல்டேஜ விட அது ஒரு படி மேல நின்னாத்தான் தள்ள முடியும். நடுவுல இருக்கற ஒயர் மெலிசா, நீளமா இருந்தா அந்த படி உசரமாகும். எங்க காலத்துல டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வீட்டுக்கு வர வர வோல்டேஜ் இறங்கும், கடைசி வீட்டுக்குத்தான் கம்மி, அந்த கணக்க வச்சுத்தான் லைனே இழுத்தோம். இப்ப மத்தியானத்துல கடைசி வீடுதான் உசரத்துல நிக்குது. லைன் அதேதான், ஓடுற திசைதான் மாறிடுச்சு.

அப்புறம், ராத்திரி மோட்டார் போட்டா லைட் மங்குதுன்னு போற போக்குல சொன்னீங்க பாருங்க, எனக்கு அதுதான் முக்கியமா படுது. அத விட்டுடாதீங்க.

மாடிவெயில்:
அளந்தாச்சு. எங்க தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் கீழ போர்டுல மீட்டரோட நின்னாரு, நான் மாடில ஸ்கிரீன பாத்து போன்ல கத்தினேன். 11.50க்கு இன்வெர்ட்டர் 20 ஆம்பியர் தள்ளிக்கிட்டு இருந்துச்சு, ஸ்கிரீன்ல 254, போர்டுல 247. டிரிப் ஆனதும் ரெண்டு எடத்துலயும் 243. காலைல ஆறு மணிக்கு 236 இருந்துச்சு. கேபிள் 35 மீட்டர், காப்பர், 4 ஸ்கொயர் எம்எம்.

நியூட்ரல்_நண்பன்:
சூப்பர் அக்கா, இதுலயே பாதி கத தெரிஞ்சுடுச்சு. இன்வெர்ட்டர் நின்னா 243, ஓடினா 254, மொத்தம் 11 வோல்ட் ஏத்தம். அதுல 7 வோல்ட் மாடிக்கும் போர்டுக்கும் நடுவுல, அதாவது உங்க சொந்த ஒயர்ல. கணக்கு போட்டா சரியா வருது. 4 ஸ்கொயர் காப்பர் கிலோமீட்டருக்கு 4.6 ஓம், போக வர 70 மீட்டர், அப்ப 0.32 ஓம், 20 ஆம்பியருக்கு ஆறரை வோல்ட். கேபிள் சூடாகுமான்னு மட்டும் பாத்து 4 ஸ்கொயர் இழுத்திருக்காங்க, 20 ஆம்பியருக்கு சூடாகாதுதான். ஆனா சோலாருக்கு சூட்ட மட்டும் பாத்து சைஸ் போடக்கூடாது, வோல்டேஜ் ஏத்தத்த பாக்கணும். 10 ஸ்கொயர் போட்டா இதே தூரத்துக்கு இரண்டரை வோல்ட்தான் வரும். என் அனுபவத்துல இந்த கம்ப்ளெய்ன்ட்டோட வர்ற வீடுகள்ல பாதிக்கு மேல கோளாறு கிரிட்ல இருக்கறதில்ல, மாடில இருந்து இறங்குற கேபிள்லதான் இருக்கும்.

பழைய_லைன்:
தம்பி சொன்னது சரி. மிச்சம் 4 வோல்ட் போர்டுக்கும் தெருவுக்கும் நடுவுல இருக்கு, அதுதான் எனக்கு இடிக்குது. கம்பத்துல இருந்து வீட்டுக்கு சர்வீஸ் ஒயர் எவ்வளவு தூரம்மா?

மாடிவெயில்:
ரோட்ட தாண்டினா கம்பம்தான் சார், 15 மீட்டர் இருக்கும். அலுமினிய ஒயர், 10 ஸ்கொயர்னு அண்ணன் சொன்னாரு.

பழைய_லைன்:
அப்ப அதுல ரெண்டு வோல்ட்டுக்கு மேல வரக்கூடாது. தெரு லைனும் உங்க 20 ஆம்பியருக்கு கொஞ்சம் ஏறும்தான், அதுக்கு ஏதோ அரை வோல்ட் விட்டுருங்க. இன்னும் ஒன்றரை ரெண்டு வோல்ட்டுக்கு கணக்கு வரல. ராத்திரி மோட்டார் போட்டா லைட் மங்குதுன்னீங்களே, ரெண்டும் ஒரே எடம்தான். பகல்ல கரண்ட் வெளிய போகும்போது அந்த எடத்துல வோல்டேஜ் ஏறுது, ராத்திரி கரண்ட் உள்ள வரும்போது அதே எடத்துல இறங்குது. எங்கயோ ஒரு ஜாயிண்ட் சரியா புடிக்கல. மீட்டர் பாக்ஸ்ல நியூட்ரல் பக்கம் பாக்க சொல்லுங்க, எனக்கு அங்கதான் சந்தேகம்.

ஆனா ஒரு கண்டிஷன். நீங்க கை வைக்காதீங்க. மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணாலும் கம்பத்துல இருந்து வர்ற பக்கம் உயிரோடதான் இருக்கும். பேனல் பக்கம் டிசியும் வெயில் இருக்கற வரைக்கும் உயிரோடதான் இருக்கும், அதுக்கு ஆஃப்னு ஒன்னு கிடையாது. மீட்டர் பாக்ஸ் சீல் வச்சிருப்பாங்க, அத மின்வாரிய ஆளுங்க வந்துதான் திறக்கணும். இன்னிக்கே கம்ப்ளெய்ன்ட் எழுதி குடுங்க, 'நியூட்ரல் லூஸ் சந்தேகம்'னு அந்த வார்த்தைய போட்டு எழுதுங்க, சீக்கிரம் வருவாங்க. நியூட்ரல் கழண்டு போச்சுன்னா வோல்டேஜ் எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

கேள்விக்குறி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க வீட்டுலயும் சோலார் இருக்கு. கரண்ட் போனா நல்ல வெயில்லயும் சோலாரும் சேந்து நின்னுடுது. இவ்வளவு செலவு பண்ணி என்ன பிரயோஜனம்னு வீட்டுல கேக்கறாங்க, பதில் சொல்ல தெரியல.

பழைய_லைன்:
தம்பி, அது நிக்கணும். நிக்கலன்னாதான் பயப்படணும். டிரான்ஸ்ஃபார்மருக்கு திசை தெரியாது. மேல இருந்து வந்தா குறைச்சு குடுக்கும், வீட்டுப் பக்கத்துல இருந்து 230 வோல்ட் ஏறினா அதயே ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாத்தி மேல்லைனுக்கு அனுப்பிடும். லைன ஆஃப் பண்ணிட்டு ஒருத்தன் கம்பத்துல ஏறி நிக்கறான்னு வச்சுக்கங்க, ஏதோ ஒரு வீட்டு இன்வெர்ட்டர் நிக்காம தள்ளிக்கிட்டே இருந்தா அவன் கதி என்ன? ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் லைன தரையோட இணைக்கற எர்த் ராடு மாட்டுவோம், மாட்டாம ஏறி உயிர விட்ட ஆளுங்கள எனக்கு தெரியும். அதனால கிரிட் போனது தெரிஞ்சதும் ரெண்டு செகண்டுக்குள்ள இன்வெர்ட்டர் வெட்டிக்கணும்னு விதி வச்சிருக்காங்க. திரும்ப வந்தாலும் உடனே சேராது, லைன் நிலையா இருக்கான்னு ஒரு நிமிஷத்துல இருந்து அஞ்சு நிமிஷம் வரைக்கும் பாத்துட்டுத்தான் சேரும், நாட்டுக்கு நாடு மாறும். கரண்ட் போனாலும் வீடு ஓடணும்னா பேட்டரியும், தெருவ தனியா பிரிச்சு விடற ஸ்விட்சும் வேணும்.

கேள்விக்குறி:
இப்ப புரிஞ்சுது சார், நன்றி. இன்னொரு சந்தேகமும் கேட்டுடறேன். எல்லாரும் மாடில போட்டா கிரிட்டே விழுந்துடும்னு சொல்றாங்களே, போன வருஷம் ஸ்பெயின் பூரா இருட்டானது சோலாராலதான்னு ஒருத்தர் அடிச்சு சொன்னாரு.

மின்_படிக்கிறேன்:
நான் பவர் சிஸ்டம்ஸ் படிக்கறேன், இந்த டாபிக் எனக்கு ரொம்ப புடிக்கும், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. 2025 ஏப்ரல் 28 அன்னிக்கு ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும் கரண்ட் போனது வீட்டு மாடியால மட்டும்னு சொல்ல முடியாது. ஐரோப்பிய நிபுணர் குழு ஆராய்ஞ்சு சொன்னது, வோல்டேஜ் கட்டுக்கு மீறி ஏறுச்சு, ஏற ஏற ஒவ்வொரு பிளான்ட்டா வெட்டிக்கிச்சு, வெட்டிக்க வெட்டிக்க இன்னும் ஏறுச்சு, அப்படியே சரிஞ்சுடுச்சு. வோல்டேஜ புடிச்சு நிறுத்த வேண்டிய வேலை சரியா நடக்கலங்கறதுதான் அங்க சிக்கல். மேல அக்கா தெருவுல 254 வந்து டிரிப் ஆகுதே, அது சின்ன அளவு, ஆனா இன்வெர்ட்டர்கள் எந்த இடத்துல எப்படி வெட்டிக்கும்ங்கறது எவ்வளவு முக்கியம்னு அதுலயும் தெரியும்.

இதுக்கு நல்ல உதாரணம் ஜெர்மனி. அங்க ஆரம்பத்துல வந்த வீட்டு இன்வெர்ட்டருக்கெல்லாம் ஒரே விதி, ஃப்ரீக்வென்சி (கரண்ட் செகண்டுக்கு எத்தன தடவ ஆடுதுங்கற கணக்கு, வழக்கமா 50) 50.2 ஹெர்ட்ஸ் தொட்டா வெட்டிக்கணும். சோலார் கம்மியா இருந்தப்ப யாரும் கவலப்படல. லட்சக்கணக்குல ஆனதும்தான் உறைச்சுது, 50.2 வந்தா அத்தனையும் ஒரே செகண்டுல வெட்டிக்கும், ஐரோப்பா கிரிட் திடீர்னு 3000 மெகாவாட் போனா தாங்கற அளவுக்குத்தான் ரிசர்வ் வச்சிருக்கு, இது அதுக்கு மேல போயிடும். 2012ல தனி ஆணையே போட்டு பழைய இன்வெர்ட்டர்கள மாத்தி அமைச்சாங்க. இப்ப வர்றதெல்லாம் 50.2க்கு மேல போக போக உற்பத்திய படிப்படியா குறைக்கும், ஒரேடியா வெட்டிக்காது. ஹவாயில 2015ல கிட்டத்தட்ட 8 லட்சம் மைக்ரோ இன்வெர்ட்டரோட (பேனலுக்கு பேனல் மாட்டற குட்டி இன்வெர்ட்டர்) செட்டிங்க தூரத்துல இருந்தே மாத்தினாங்க, அதுவும் இதே காரணம்தான், லேசா ஆடினாலே எல்லாம் சேந்து ஓடிடக்கூடாதுன்னு. தெற்கு ஆஸ்திரேலியால 2020 செப்டம்பர்ல இருந்து புதுசா போடற வீட்டு சோலார அவசரத்துக்கு தூரத்துல இருந்து நிறுத்த வழி வச்சே ஆகணும்.

சாயங்காலம் வேற ஒரு கஷ்டம் இருக்கு. மதியம் ஊருக்கே தேவை குறைஞ்ச மாதிரி தெரியும், வெயில் இறங்கினதும் எல்லா வீடும் ஒரே நேரத்துல கிரிட்ட கேக்கும், பெரிய பிளான்ட்டுங்க ரெண்டு மூணு மணி நேரத்துல மூச்சு வாங்க ஏறணும். கலிஃபோர்னியாக்காரங்க 2013ல அந்த கிராஃப போட்டாங்க, பாக்க வாத்து மாதிரி இருக்கும், அதனால டக் கர்வ்னு பேர் நின்னுடுச்சு. இப்ப பேட்டரிங்க அந்த கழுத்த நல்லா குறைச்சிருக்கு. அதனால விழுந்துடும்னு பயப்பட வேண்டாம், செட்டிங்கும் ஒயரும் சரியா இருக்கணும், அவ்வளவுதான்.

மாடிவெயில்:
தம்பி எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். அப்ப 265 ஏத்தினா என்ன ஆகும்னு நேரா சொல்லுங்க, நாளைக்கு மறுபடி போன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க.

பழைய_லைன்:
வேண்டாம்னு தெளிவா சொல்லிடுங்க. 253ங்கறது 230க்கு மேல பத்து சதவீதம், நிறைய நாட்டுல வீட்டு சாமான் தாங்கறதுக்கு வச்ச மேல்கோடு அதுதான். லிமிட்ட ஏத்தினா அலாரம் நிக்கும், ஆனா அந்த லூஸ் ஜாயிண்ட் அப்படியே இருக்கும். ரெண்டு வோல்ட் இழப்பு, 20 ஆம்பியர், பெருக்கிப் பாருங்க, 40 வாட். ஒரு சால்டரிங் அயர்ன தினமும் மத்தியானம் மீட்டர் பாக்ஸுக்குள்ள எரிய விடற மாதிரி. இப்ப டிரிப் ஆகி டிரிப் ஆகி உங்க இன்வெர்ட்டர்தான் அந்த ஜாயிண்ட்ட காப்பாத்திக்கிட்டு இருக்கு. இதுல தெருவுல இருக்கற ஆறு வீடும் 265னு வச்சா பாட்டி வீட்டு சாமான யார் காப்பாத்தறது?

நியூட்ரல்_நண்பன்:
அக்கா, அவங்க போன் பண்ணும்போது இத மட்டும் கேளுங்க, 'வோல்ட் வாட், வோல்ட் வார் ரெண்டும் ஆன்ல இருக்கா'ன்னு. வோல்ட் வாட்னா வோல்டேஜ் ஏற ஏற உற்பத்திய கொஞ்சமா குறைச்சுக்கும், ஒரேயடியா நிக்காது, அதனால நாள் பூரா கூட்டிப் பாத்தா இப்ப விட யூனிட் அதிகம் வரும். வோல்ட் வார்னா ரியாக்டிவ் பவர (வேலை எதுவும் செய்யாம லைன்ல போயிட்டு வந்துட்டு இருக்கற பவர்) உள்ள இழுத்து வோல்டேஜ லேசா இறக்கும். வீட்டு லைன்ல அது பெருசா வேலை செய்யாது, ஆனா ஆறு வீடும் செஞ்சா டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட தெரியும். லோக்கல் விதி எந்த நம்பர சொல்லுதோ அதத்தான் போடணும், இன்வெர்ட்டர்ல 'கன்ட்ரி கோட்'னு இருக்கற நாட்டுக்கான செட்டிங்க அவங்க இஷ்டத்துக்கு மாத்த விடாதீங்க.

மாடிவெயில்:
ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். வந்து பாத்தாங்க சார், நீங்க சொன்ன எடமேதான். மீட்டர் பாக்ஸ திறந்ததும் கருகின பிளாஸ்டிக் வாசன. நியூட்ரல் லக் (ஒயர் முனைல மாட்டற உலோகத் துண்டு) கருத்துப் போய், அதுக்கு மேல ஒரு விரக்கடை அளவுக்கு இன்சுலேஷன் பழுப்பா மாறி, விரலால தொட்டதுக்கே முறுக்கு மாதிரி நொறுங்கி விழுந்துச்சு. ஸ்க்ரூவ வச்சதும் ஒன்றரை சுத்து சும்மாவே போச்சு. அலுமினிய ஒயர நேரா பித்தள டெர்மினல்ல சொருகி இருந்தாங்களாம். வெட்டி எறிஞ்சுட்டு ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல போடற புது பைமெட்டல் லக் அமுக்கி மாட்டினாங்க. அன்னிக்கு ராத்திரியே மோட்டார் போட்டு பாத்தோம், லைட் அசையல. எங்க வீட்டுக்காரர் மோட்டார மூணு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்தாரு.

சோலார் போட்டதால கண்டுபிடிச்சோம், இல்லன்னா அது உள்ளயே எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கும். நினைச்சா இப்பவும் படபடங்குது.

பழைய_லைன்:
நல்லபடியா முடிஞ்சுதேம்மா, அது போதும். கேபிளையும் மாத்திடுங்க. பாட்டி விஷயத்துக்கு வர்றேன். உங்க ஏத்தத்துல பெரும்பகுதி உங்க ஒயர்லயும் அந்த லக்லயும்தான் இருந்துச்சு, அது பாட்டி வீட்டுக்கு போகாது. ஆனா நீங்க ஓடாதப்பவே 243 இருந்துச்சே, காலைல 236, அந்த ஏழு வோல்ட் தெருவோடது. மத்த அஞ்சு வீடும் எந்த ஃபேஸ்ல இருக்குன்னு பாக்க சொல்லுங்க. எல்லாம் ஒரே ஃபேஸ்ல மாட்டியிருந்தா அந்த ஃபேஸ் மட்டும் ஏறும், மூணுலயும் பிரிச்சு விட்டா நியூட்ரல்ல ஓடற கரண்ட்டும் அடங்கும், ஏத்தம் நல்லா குறையும். ஆறு வீடும் சேந்து கையெழுத்து போட்டு, ஒரு வாரம் வோல்டேஜ் ரெக்கார்டர் வைக்க சொல்லி கேளுங்க. டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ கூட்டி குறைக்கற டேப்னு ஒன்னு இருக்கு, அத ஒரு படி இறக்கினா இரண்டரை சதவீதம், அதாவது ஆறு வோல்ட் கிட்ட குறையும். ஆனா அது ராத்திரியும் சேத்து குறைச்சுடும், கடைசி வீட்டுக்கு சாயங்காலம் எவ்வளவு வருதுன்னு பாக்காம இறக்க மாட்டாங்க, இறக்கவும் கூடாது. ரெக்கார்டர் கேட்டது அதுக்குத்தான்.

அதுவரைக்கும் மோட்டார், துணி துவைக்கற மெஷின், ஹீட்டர் எல்லாத்தயும் 11ல இருந்து 3க்குள்ள போடுங்க, ஒன்னு முடிஞ்சதும் இன்னொன்னு. வீட்டுலயே செலவாகற கரண்ட் தெருவுக்கு ஏறாது.

மாடிவெயில்:
கேபிள் நேத்து மாத்தியாச்சு, 10 ஸ்கொயர். இன்னிக்கு 12.10க்கு வெயில் சுள்ளுனு இருக்கு, 20 ஆம்பியர், ஸ்கிரீன்ல 248, போர்டுல 245. காலைல இருந்து ஒரு தடவ கூட நிக்கல. 265 பேச்சே வேண்டாம்னு சொல்லிட்டேன், வோல்ட் வாட் ஆஃப்ல இருந்துச்சாம், ஆன் பண்ணி குடுத்தாங்க. அஞ்சு வீட்டுல நாலு வீட்டுக்காரங்க கையெழுத்து போட்டாங்க, ஆறுல நாலு வீடு ஒரே ஃபேஸாம்.

பாட்டிய மத்தியானம் எங்க வீட்டுக்கு கூட்டிட்டு வந்து ஸ்கிரீன காட்டினேன். ஸ்டெபிலைசர் இன்னும் அடிக்குது, முன்ன மாதிரி இல்லன்னாங்க. வர்ற திங்கள் ரெக்கார்டர் வைக்க வர்றாங்க, அவங்க வீட்டுலயே வைக்க சொல்லியிருக்கேன்.